அந்த நாலு பேர்

திருநங்கை ஒருவர் வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது கிடைக்கிற மறுப்பு எப்போதும் வெறுப்பாக வருவதில்லை. பல நேரம் கனிவாகவே வருகிறது. "எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி பேசுவாங்க" என்பதுதான் அதன் வழக்கமான வடிவம். வீட்டுக்காரர் தன்னை நல்லவராக வைத்துக்கொண்டு தெருவைக் காரணம் காட்டுகிறார். தெருவில் யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் காட்டுவார்கள். லீனா மணிமேகலை 2017இல் எடுத்த 'இஸ் இட் டூ மச் டு ஆஸ்க்' என்ற ஆவணப்படத்தின் கதையே சென்னையில் இரண்டு திருநங்கைகள் வீடு தேடி அலைவதுதான். இருவரும் நாடகக் கலைஞர்கள். ஒருவர் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி அறியப்பட்ட லிவிங் ஸ்மைல் வித்யா. எழுத்தும் மேடையும் பெற்றுத் தந்த பெயர் வாடகை வீட்டின் வாசலில் செல்லுபடியாகவில்லை.

இதே சென்னையில்தான் 2011இல் ஒரு திருநங்கையின் கதை சொன்ன 'காஞ்சனா' பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 2019இல் 'சூப்பர் டீலக்ஸ்' படத்தின் திருநங்கை ஷில்பாவுக்காகக் கலங்கினார்கள். திரையில் ஏற்றுக்கொண்டவரைத் தெருவில் ஏற்றுக்கொள்ளாத இந்த முரணுக்கு இரண்டு விளக்கங்கள் உடனே தோன்றும். சினிமா யாரையும் மாற்றாது என்பது ஒன்று. மாற்றம் மெதுவாக வரும், பொறுத்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஊடகம் மாற்றத்தான் செய்கிறது. ஆனால் நாம் தேடுகிற இடத்தில் அந்த மாற்றம் நடப்பதில்லை. ஒருவர் மனத்துக்குள் என்ன நம்புகிறார் என்பதைவிட, மற்றவர்கள் எதைப் பொறுத்துக்கொள்வார்கள் என்று அவர் போடும் கணக்கைத்தான் ஊடகம் முதலில் தொடுகிறது. "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று நாம் சொல்கிறோமே, அந்த நாலு பேரை நமக்குக் காட்டிக்கொடுப்பது இன்று பெரும்பாலும் திரைதான்.

இப்படி நினைக்க எனக்குக் காரணமாக இருந்தது ருவாண்டாவில் நடந்த ஓர் ஆய்வு. 1994 இனப்படுகொலைக்குப் பத்தாண்டு கழித்து அங்கே 'முசெகெவேயா' என்ற வானொலித் தொடர் தொடங்கியது. பகை கொண்ட இரண்டு ஊர்களின் கதை. நல்லிணக்கம் அதன் நோக்கம். எலிசபெத் லெவி பலக் என்ற உளவியலாளர் சில ஊர்களுக்கு இந்தத் தொடரையும் வேறு சில ஊர்களுக்கு உடல்நலம் பற்றிய இன்னொரு தொடரையும் ஓராண்டு காலம் கேட்கச் செய்து, முடிவில் இரு தரப்பையும் ஒப்பிட்டார். 2009இல் வெளியான அவருடைய முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தது. நல்லிணக்கத் தொடரைக் கேட்டவர்களின் தனிப்பட்ட நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் தங்கள் ஊரில் எது வழக்கம், எதைச் செய்தால் தப்பில்லை என்ற அவர்களுடைய புரிதல் மாறியிருந்தது. நடத்தையும் மாறியிருந்தது. ஆய்வு முடிந்ததும் ஊருக்குக் கொடுத்த ஒலிப்பெட்டியை யார் வைத்துக்கொள்வது என்று கேட்டபோது மற்ற ஊர்கள் தலைவரிடம் ஒப்படைத்துவிட்டன. நல்லிணக்கத் தொடரைக் கேட்ட ஊர்க்காரர்கள் மறுத்துப் பேசினார்கள், பொதுவில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மார்கரெட் டேங்கார்டும் பலக்கும் சேர்ந்து பின்னர் இன்னொன்றையும் அளந்தார்கள். 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தபோது, நாட்டில் மற்றவர்கள் இதை ஏற்கத் தொடங்கிவிட்டார்கள் என்ற எண்ணம் மக்களிடம் கூடியது. அவரவர் சொந்தக் கருத்து அந்த அளவுக்கு நகரவில்லை.

ருவாண்டாவில் வானொலியைக் கூட்டமாக உட்கார்ந்து கேட்டார்கள். நம் திரையரங்கமும் கூட்டம் கூடும் இடம்தான். இருட்டில் பக்கத்து இருக்கைக்காரரின் முகம் தெரியாது, சிரிப்பு கேட்கும். தமிழ்ப் படங்களில் திருநங்கைகளைப் பற்றிய காட்சிகளின் பெரும்பகுதி நெடுங்காலம் அந்தச் சிரிப்புக்காகவே எழுதப்பட்டது. கதைக்குச் சம்பந்தமில்லாமல் நாலைந்து பேர் கைதட்டிக்கொண்டு வருவார்கள், நகைச்சுவை நடிகரைச் சுற்றி வளைப்பார்கள், அவர் அலறிக்கொண்டு ஓடுவார். ஒரு நிமிடக் காட்சி. படத்தைப் பற்றி எழுதுகிற யாரும் அதைக் குறிப்பிடக்கூட மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் சிரித்தார்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. இவர்களைப் பார்த்தால் சிரிக்கலாம், பொதுவிடத்தில் சத்தமாகவே சிரிக்கலாம் என்ற அனுமதியை அரங்கம் வழங்கியது. மறுநாள் வகுப்பில் நடை மென்மையாக இருக்கிற பையனைச் சுற்றி அதே சிரிப்பு எழுந்ததற்குப் பையன்களைத் தனியாகக் குறை சொல்வதில் பயனில்லை. அந்தப் பையனும் அதே அரங்கில் உட்கார்ந்திருந்திருப்பான். உலகம் தன்னை எப்படிப் பார்க்கப்போகிறது என்பதை அவனும் அங்கேதான் தெரிந்துகொண்டிருப்பான்.

சிரிப்புக்கு அடுத்த பாத்திரம் வில்லன். 1991இல் வந்த இந்திப் படம் 'சடக்'கில் பாலியல் விடுதி நடத்தும் திருநங்கை 'மகாராணி'யாக நடித்த சதாசிவ் அம்ராபுர்க்கருக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. அந்தப் படம் 2000இல் தமிழில் 'அப்பு'வாக வந்தபோது பிரகாஷ்ராஜ் அந்த வேடத்தை ஏற்றார். இரண்டுமே நடிகர்களின் திறமைக்குச் சான்றாகப் பேசப்பட்டன. விதிவிலக்கும் இல்லாமல் இல்லை. மணிரத்னத்தின் 'பம்பாய்' 1995இல் கலவரத்தில் தொலைந்த குழந்தைக்கு அடைக்கலம் தருகிறவராக ஒரு திருநங்கையைக் காட்டியது. சிறிய வேடம், ஆனால் யாரும் சிரிக்க முடியாத வேடம்.

2015 பொங்கலுக்கு வந்த ஷங்கரின் 'ஐ' இந்த வரலாற்றில் ஒரு திருப்பம் என்று நினைக்கிறேன், படத்தின் நோக்கத்துக்கு நேரெதிராக. நாயகனை விரும்பி, மறுக்கப்பட்டு, அவனைப் பழிவாங்கச் சேரும் ஒப்பனைக் கலைஞர் பாத்திரத்தில் நடித்தவர் உண்மையிலேயே திருநங்கையான ஒப்பனைக் கலைஞர் ஓஜாஸ் ரஜானி. திருநங்கை வேடத்தைத் திருநங்கையே நடித்துவிட்டால் சித்திரிப்பு சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் படமே பதில். நடிகர் அவர்தான், காட்சியை எழுதியவர் வேறு, சிரிப்பை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவரும் வேறு. படம் வந்ததும் சென்னையில் திருநங்கைகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அவர்கள் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்கு ஆட்சேபம் உண்டு என்பது அன்றுதான் பெரிய அளவில் செய்தியானது. அரங்கில் சிரித்தவர் தன் சிரிப்பைப் பற்றி முதல்முறையாக வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டார். அதற்குப் பிறகு பெரிய படங்களில் இந்த ரக நகைச்சுவை குறைந்ததாகவே எனக்குப் படுகிறது. இயக்குநர்கள் எல்லாரும் மனம் திருந்திவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. இனி இதற்கு முகம் சுளிப்பார்கள் என்ற கணக்கு மாறியது, அவ்வளவுதான். சமூக மாற்றத்தின் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது.

'காஞ்சனா'வைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ராகவா லாரன்ஸ் இயக்கிய அந்தப் பேய்ப்படத்தில் சரத்குமார் திருநங்கையாக வந்தார். உடற்கட்டுக்குப் பெயர் பெற்ற ஒரு நாயக நடிகர் புடவை கட்டி, துளிக் கிண்டலும் இல்லாமல் நடித்தார். காஞ்சனா தன்னைப் போன்ற இன்னொரு பெண்ணை வளர்த்து மருத்துவம் படிக்க வைக்கிறார். மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்தை அபகரிக்க வந்தவர்கள் அவரைக் கொல்கிறார்கள். பெற்றோர் துரத்துவது, வளர்ப்புத் தாய் எடுத்து ஆளாக்குவது, படிப்பு என்று திருநங்கையர் குடும்ப அமைப்பின் ஒரு முகத்தை அவ்வளவு பெரிய ரசிகர் கூட்டத்துக்குச் சொன்ன வேறு தமிழ்ப்படம் எனக்கு நினைவில்லை. அரங்கம் அவருக்காகக் கைதட்டியது.

ஆனால் எந்தக் காஞ்சனாவுக்கு? உயிரோடு இருந்தவருக்கல்ல. அநியாயமாகக் கொல்லப்பட்டவர் தெய்வமாவது நம் நாட்டார் மரபில் ஊறிய கதை. ஊர் எல்லையில் நிற்கும் எத்தனையோ சாமிகளுக்குப் பின்னால் ஒரு கொலை இருக்கிறது. வாழும்போது விலக்கியவரை இறந்தபின் கும்பிட நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. 'காஞ்சனா' அந்தப் பழக்கத்துக்குள் திருநங்கையைக் கொண்டுபோய் வைத்தது. அதனால்தான் அவ்வளவு எளிதாக ஏற்கப்பட்டது என்பது என் வாசிப்பு. இறந்த காஞ்சனா பேசுவதும் நாயகனின் உடம்பு வழியாகத்தான். சாமி வந்து ஆடுகிறவர் முன்னால் நிற்கிற பயபக்தியோடு கூட்டம் அதைப் பார்த்தது. பக்கத்து வீட்டில் குடிவரப் போகிறவரை அந்தப் பார்வையால் பார்க்க முடியாது. அதே 2011இல் விஜயபத்மா இயக்கத்தில் 'நர்த்தகி' வந்தது. அதன் நாயகி கல்கி சுப்ரமணியம், திருநங்கைச் செயற்பாட்டாளர். உயிரோடிருக்கும் ஒரு திருநங்கையின் கதையை ஒரு திருநங்கையே நடித்த அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

'சூப்பர் டீலக்ஸ்' வேறு தளத்தில் நிற்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் வீட்டைவிட்டுப் போன கணவர் ஷில்பாவாகத் திரும்பி வருகிறார். மகன் ராசுக்குட்டி எந்தத் தயக்கமும் இல்லாமல் அவரோடு ஒட்டிக்கொள்கிறான். தனக்கும் அப்பா உண்டு என்று காட்டப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிறான். பெரியவர்கள் கற்று வைத்திருக்கும் அருவருப்பு குழந்தையிடம் இல்லை என்பதைத் தியாகராஜன் குமாரராஜா சொற்பொழிவு இல்லாமல் காட்டிவிட்டார். காவல் நிலையத்தில் ஷில்பாவுக்கு நேரும் கொடுமையைக் காட்டிய விதமும் பழைய வில்லன் கதையைத் தலைகீழாக்கியது. ஷில்பாவாக நடித்த விஜய் சேதுபதிக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது.

திருநங்கைச் செயற்பாட்டாளர்கள் சிலரின் எதிர்வினையோ வேறாக இருந்தது. மும்பையில் இருந்தபோது குழந்தைகளைக் கடத்திப் பிச்சையெடுக்கும் கும்பலிடம் விற்க உடந்தையாக இருந்ததாக ஷில்பா ஒப்புக்கொள்ளும் ஒரு பகுதி படத்தில் உண்டு. திரைக்கதைக்கு அது பாவமும் மன்னிப்பும் பற்றிய ஒரு முடிச்சு. ஆனால் திருநங்கைகள் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்பது காலங்காலமாக அவர்கள்மேல் சுமத்தப்படும் பழி. படம் வெளியானது 2019 மார்ச் மாதம். அதற்குப் பத்து மாதம் முன்பு, 2018 மே மாதத்தில், குழந்தை கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவி, ஹைதராபாத்தின் சந்திராயன்குட்டா பகுதியில் ஒரு திருநங்கையைக் கூட்டம் அடித்தே கொன்றது. அதே மாதங்களில் தமிழ்நாட்டிலும் அந்த வதந்தி உயிர்களைப் பலிவாங்கியது. கலைஞனுக்கு எந்தப் பாத்திரத்துக்கும் எந்தக் குற்றத்தையும் கொடுக்கும் உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. நாயகர்கள் ஆயிரம் குற்றம் செய்யலாம், ஆண்கள்மேல் பழி வராது. அவர்களைப் பற்றி வேறு பத்தாயிரம் கதைகள் இருக்கின்றன. தமிழில் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் திருநங்கைக் கதைகளில் ஒன்று அந்தப் பழியை உறுதிப்படுத்தும்போது அதன் எடை வேறு.

இந்த எண்ணிக்கைக் குறைவுதான் விஷயத்தின் மையம். உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், சம நிலையில், பொதுவான நோக்கத்தோடு பழகும்போது முன்முடிவுகள் தளர்கின்றன என்றார். எட்வர்ட் ஷியாப்பா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2005இல் அதைத் திரைக்கு நீட்டினார்கள். நேரில் பழக வாய்ப்பில்லாத மக்களைத் தொடர்ந்து தொலைக்காட்சியில் பார்த்துப் பழகுவதும் ஓரளவு அதே வேலையைச் செய்கிறது என்று கண்டார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 7.2 கோடி மக்களில் 'மற்றவர்' என்று பதிவானவர்கள் 22,364 பேர். உண்மையான எண்ணிக்கை இதைவிடக் கூடுதல் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அப்படியே பார்த்தாலும், பெரும்பாலான தமிழர்கள் திருநங்கைகளைச் சந்திப்பது ரயிலிலும் சிக்னலிலும் கடைவாசலிலும் திரையிலும்தான். முதல் மூன்றிலும் ஒருவர் கேட்பவர், ஒருவர் கொடுப்பவர் அல்லது மறுப்பவர். ஆல்போர்ட் சொன்ன சம நிலை அங்கே கிடையாது. ஆகவே திரைக்கு இருக்கிற பொறுப்பு அளவுக்கு மீறியது.

அந்தச் சம நிலையைத் தமிழில் முதலில் உண்டாக்கியது சினிமா அல்ல, தொலைக்காட்சி. 2008 பிப்ரவரியில் விஜய் டிவியில் 'இப்படிக்கு ரோஸ்' தொடங்கியது. அமெரிக்காவில் பொறியியல் படித்துத் திரும்பிய திருநங்கை ரோஸ், வெளியில் பேசத் தயங்கும் விஷயங்களைப் பற்றி விருந்தினர்களிடம் கேள்வி கேட்டார். அதுவரை திருநங்கை என்றால் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்: ஏன் இப்படி ஆனீர்கள், வீட்டில் என்ன சொன்னார்கள், அறுவை சிகிச்சை எப்படி. இங்கே அவர் கேட்டார், மற்றவர்கள் பதில் சொன்னார்கள். 2014 சுதந்திர தினத்தன்று கோவையின் லோட்டஸ் தொலைக்காட்சியில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசிக்கத் தொடங்கியதில் இதைவிடவும் அமைதியான ஒரு துணிச்சல் இருந்தது. மழை, மின்வெட்டு, சட்டமன்றம் என்று அவர் வாசித்த எதுவும் அவருடைய பாலினத்தைப் பற்றியதல்ல. தினமும் மாலையில் ஒரே நேரத்துக்கு வந்து ஊர்ச் செய்தி சொல்லிவிட்டுப் போகிறவர்மேல் அனுதாபமோ அதிசயமோ எத்தனை நாள் நிற்கும்?

இந்த இரண்டு தேதிகளையும் வைத்து ஊடகம்தான் அரசை நகர்த்தியது என்று சொல்லிவிட ஆசையாக இருக்கும். 'இப்படிக்கு ரோஸ்' வந்த இரண்டே மாதத்தில், 2008 ஏப்ரல் 15 அன்று, நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டில் அரவாணிகள் நல வாரியம் அமைந்தது. ஆனால் பத்மினி திரைக்கு வந்தது, 2014 ஏப்ரல் 15 அன்று தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்து நான்கு மாதம் கழித்துத்தான். வரிசையைக் கவனித்தால் உண்மை வேறு. கல்வி நிலையங்களில் பாகுபாடு கூடாது என்ற தமிழ்நாடு அரசாணை 2006லேயே வந்துவிட்டது. 'இப்படிக்கு ரோஸ்' வருவதற்கு முன்பே எய்ட்ஸ் தடுப்புப் பணிகளின் வழியே உருவான அமைப்புகள், குடும்ப அட்டைக்கும் வாக்காளர் அட்டைக்கும் அலைந்த பெண்கள், 2005இல் வந்த திருநங்கை ரேவதியின் 'உணர்வும் உருவமும்', 2007இல் வந்த வித்யாவின் 'நான், வித்யா' ஆகிய நூல்கள் இருந்தன. இயக்கம் திறந்த கதவு வழியாகத்தான் தொலைக்காட்சி உள்ளே வந்தது. கதவு திறந்திருக்கிறது என்று ஊருக்குச் சொன்னதில்தான் அதன் பங்கு.

செய்தித்தாள்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆண்டுதோறும் சித்திரையில் கூவாகம் திருவிழாவுக்குப் போய்த் தாலி கட்டுவதையும் மறுநாள் ஒப்பாரியையும் விழுப்புரத்து அழகிப் போட்டியையும் படமெடுத்து வருவார்கள். மற்ற நாட்களில் குற்றச் செய்திகளில் மட்டும் திருநங்கைகள் இருப்பார்கள். இப்போது மூன்றாவதாக 'முதல் திருநங்கை' செய்தி ஒரு தனி ரகமாகவே வளர்ந்துவிட்டது. விண்ணப்பப் படிவத்தில் தனக்கென ஒரு கட்டம்கூட இல்லாத நிலையில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் நீதிமன்றம் போய், 2015இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பலத்தில் காவல் உதவி ஆய்வாளர் வேலையைப் பெற்றவர் பிரித்திகா யாஷினி. தலைப்புகளில் அது ஒரு சாதனைப் பெண்ணின் கதையானது. தடுத்த அமைப்பின் கதையாகவும் அதை எழுதியிருக்கலாம். கிரேஸ் பானு போன்ற திருநர் செயற்பாட்டாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும், ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநருக்கு இடம் தரும் கிடைமட்ட இடஒதுக்கீடு முதல் பக்கத்துக்கு வருவது அபூர்வம்.

செய்தியைவிடக் கதை ஆழமாகப் போகிறது என்பதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் 'ராயல் பெயின்ஸ்' என்ற மருத்துவத் தொடரில் ஒரு திருநர் பதின்வயதுப் பாத்திரம் வந்த பகுதியைப் பார்த்தவர்களிடம் ஆதரவான மனநிலை கூடுதலாக இருந்ததை ட்ரேசி கில்லிக்கும் குழுவினரும் 2018இல் வெளியிட்டார்கள். அதே காலத்தில் திருநங்கைப் பிரபலம் கேட்லின் ஜென்னரைப் பற்றி வெள்ளமாக வந்த செய்திகளால் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது டேவிட் புரூக்மனும் ஜோஷ்வா கல்லாவும் 2016இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை. மயாமியில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ப் பத்து நிமிடம் பேசினார்கள். உபதேசம் இல்லை. வித்தியாசமானவர் என்று மற்றவர்கள் உங்களை மதிப்பிட்ட ஒரு தருணத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டு, அதைத் திருநர் அனுபவத்தோடு பொருத்திப் பார்க்கச் சொன்னார்கள். திருநர்மேல் இருந்த ஒவ்வாமை குறைந்தது. மூன்று மாதம் கழித்தும் அது நீடித்தது. பேசப் போனவர் திருநரா இல்லையா என்பது பெரிய பொருட்டாக இல்லை. இந்த ஆய்வுக்கு ஒரு சுவையான முன்கதையும் உண்டு. இதே முறையைப் பற்றி முன்பு வெளியான ஒரு கட்டுரையின் தரவுகள் இட்டுக்கட்டியவை என்று கண்டுபிடித்து, அது திரும்பப் பெறப்படக் காரணமானவர்களில் இவர்கள் இருவரும் அடக்கம். சந்தேகப்பட்டவர்களே செய்து பார்த்த சோதனை என்பதால் எனக்கு அதன்மேல் நம்பிக்கை கூடுகிறது.

பத்து நிமிடப் பேச்சு கேட்பவரின் சொந்த அனுபவத்தைத் தொட்டது. நம் படங்கள் பெரும்பாலும் அந்த இடத்துக்கே போவதில்லை. பார்வையாளரைச் சிரிக்க வைக்கின்றன, பயப்பட வைக்கின்றன, அழ வைக்கின்றன. மூன்றிலும் அவர் தள்ளி நின்றே பார்க்கலாம். ராமின் 'பேரன்பு' ஒரு விதிவிலக்கு. திருநங்கையான அஞ்சலி அமீர் நடித்த மீராவோடு மம்மூட்டியின் அமுதவன் கடைசியில் ஒரு குடும்பத்தைத் தொடங்குகிறான். உலகம் கைவிட்ட ஒரு தகப்பனின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கும் யாருக்கும் அந்த முடிவு இயல்பாகவே படும்.

திருநம்பிகளைப் பற்றி இவ்வளவு நேரம் எதுவும் சொல்லாததற்குக் காரணம், தமிழ்ப் பெரும்படங்களில் அவர்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. கிண்டலும் இல்லை, வில்லத்தனமும் இல்லை. இதை நல்லது என்று சொல்லிவிட முடியாது. மகள் என்று வளர்த்த பிள்ளை தான் ஆண் என்று சொல்லும்போது, பெற்றோருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தவறான உதாரணம்கூடக் கிடைப்பதில்லை. ஊரில் இப்படி யாருமே இல்லையென்றால் தங்கள் பிள்ளைக்கு வந்திருப்பது நோய்தான் என்று முடிவுகட்டுவது எளிது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பால்புதுமையரையும் திருநரையும் கண்ணியமாகக் குறிப்பிடும் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் விளைவு அது. ஊடகங்களுக்குச் சொற்கள் கிடைத்துவிட்டன. கதைகளை அரசிதழில் வெளியிட முடியாது.

அந்தக் கதைகளை யார் எடுக்கிறார்கள் என்று பார்த்தால் தமிழ்த் திரையுலகுக்கு அவ்வளவு பெருமையில்லை. தமிழில் எழுதப்பட்ட 'நான், வித்யா' கன்னடத்தில் லிங்கதேவரு இயக்கத்தில் 'நானு அவனல்ல அவளு' ஆனது. அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. தமிழ்நாட்டிலிருந்து போன திருநங்கை நேகா, மலையாளத்தில் 'அந்தரம்' படத்தில் நடித்து 2022இல் கேரள அரசின் திரைப்பட விருதைப் பெற்றார். தமிழில் மிகப் பேசப்பட்ட மூன்று வேடங்களான காஞ்சனா, ஷில்பா, 'பாவக் கதைகள்' படத்தின் சத்தார் ஆகியவை முறையே சரத்குமார், விஜய் சேதுபதி, காளிதாஸ் ஜெயராம் என்ற ஆண் நடிகர்களுக்கே போயின.